எந்தத் தோட்டத்துப் பிள்ளை?

2019ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒருநாள், டிக்கோயாவில் ஒரு தேநீர்க் கடையில் மழை விடும்வரை காத்திருந்தேன். கடைப் பையனின் கைத்தொலைபேசியில் உலகக் கிண்ண வலைப்பந்தாட்டக் காட்சியொன்று ஓடிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலே நடைபெற்ற போட்டி அது. திரையில் மற்றெல்லாப் பெண்களையும்விடத் தலையும் தோளும் உயர்ந்து நின்ற ஒருத்தி, தன்னை நோக்கி உயரத்தில் வந்த பந்தை எட்டிப் பிடிப்பதும், வளையத்திற்குள் இடுவதும், மறுபடியும் பிடிப்பதுமாக இருந்தாள். பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர், ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி, நெடுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இது எந்தத் தோட்டத்துப் புள்ளைங்க ஐயா?"

தோட்டத்துப் பிள்ளையல்ல, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பெயர் தர்ஜினி சிவலிங்கம் என்றேன். அவர் சற்று யோசித்தார். "சிவலிங்கம்னா நம்ம பேருதானே?" என்று கூறிவிட்டு மீண்டும் திரையைப் பார்க்கத் தொடங்கினார்.

அந்தக் கேள்வி என்னை இன்றுவரை விடவில்லை. இக்கட்டுரையும் அதனாலேயே எழுதப்படுகின்றது.

வலைப்பந்தாட்டம் நமது நாட்டிற்கு வந்த கதையை முதலிற் சொல்லிவிடுகிறேன். 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்பவர் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். அது சில ஆண்டுகளில் இங்கிலாந்தின் பெண்கள் உடற்பயிற்சிக் கல்லூரிகளுக்குச் சென்று உருமாறியது. நீண்ட பாவாடை அணிந்த பெண்கள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது இயலாது என்பதனால், பந்தைப் பிடித்தவர் அதனுடன் ஓடக்கூடாது என்றும், மூன்று விநாடிகளுக்குள் எறிந்துவிட வேண்டும் என்றும் விதிகள் உண்டாயின. 1901இல் விதிகள் அச்சேறின. ஆங்கிலேய ஆசிரியைகள் சென்ற இடமெல்லாம் இவ்விளையாட்டும் சென்றது. இலங்கைக்கு அது வந்து சேர்ந்தது 1920களில். கொழும்பிற்கன்று, நமது மலையகத்தின் வாயிலான கண்டிக்கு! அங்குள்ள பெண்கள் உயர்தரப் பாடசாலையிலேதான் அது வேரூன்றியது. பின்னர் 1960இல் சர்வதேச வலைப்பந்தாட்டச் சம்மேளனத்திற்கு அடித்தளமிட்ட கூட்டமும் இலங்கையிலேயே நடைபெற்றது. 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் முதலாவது உலகப் போட்டி நடந்தபோது, பங்குபற்றிய 11 அணிகளில் இலங்கையும் ஒன்று.

கண்டிக்கும் டிக்கோயாவிற்கும் இடையே தூரம் அதிகமில்லை. ஆனால் 1920களில் கண்டிப் பாடசாலைக்கு வந்த அவ்விளையாட்டு, எமது தோட்டப் பாடசாலைகளை எட்டுவதற்கு இரண்டு தலைமுறைகள் சென்றன. தரவளையிலுள்ள டிக்கோயா மஸ்கெலியா கிரிக்கெட் கழகத்தின் மைதானம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே துரைமார்களுக்காக உருவானது. அங்கே கிரிக்கெட்டும் றக்பியும் ஆடப்பட்டன. எம்மவர் அங்கே செய்தது புல் வெட்டியதும் உருளை இழுத்ததும்தான். எனது பாட்டனார் காலத்துப் பெண்களுக்குத் தெரிந்த ஒரே சமதரை பிரட்டுக்களமாகும். அதிலே அவர்கள் நின்றது விளையாடுவதற்கன்று, பெயர் கூப்பிடுவதற்கு.

இன்னுமொன்றையும் கூறவேண்டும். 1963இல் இலங்கைப் பெண்கள் நாட்டின் பெயரைத் தாங்கி இங்கிலாந்து சென்ற வேளையில், மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் எந்த நாட்டின் பிரஜைகளுமல்லர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை அந்நிலையிற் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. மறுவருடம், 1964இல், சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, எத்தனை பேர் அங்கே எத்தனை பேர் இங்கே என்று பங்கிடப்பட்டனர். எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. டிக்கோயாவில் பிறந்த ஒரு பெண் அக்காலத்தில் எவ்வளவு திறமையாகப் பந்தெறிந்தாலும், எந்தக் கடவுச்சீட்டில் அவள் வெளிநாடு சென்றிருப்பாள்? முதியவரின் கேள்விக்குப் பின்னால் இத்தனை ஆண்டுகளும் இருந்தன என்றே எனக்குத் தோன்றியது.

இனி தர்ஜினிக்கு வருவோம். அவர் 1979இல் பிறந்தவர். யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியிலுள்ள ஈவினை அவரது ஊர். போர் தின்ற ஊர்களில் அதுவும் ஒன்று. உயரம் 2 மீற்றரும் 8 சென்ரி மீற்றரும். பழைய கணக்கில் ஆறடி பத்து அங்குலம். உலகின் மிக உயரமான வலைப்பந்தாட்ட வீராங்கனை என்று பின்னர் பெயர்பெற்ற அவர், அந்த உயரத்திற்காகவே சிறுவயதிற் கேலி செய்யப்பட்டதைச் செவ்விகளிற் குறிப்பிட்டுள்ளார். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திற் படித்தபோதுதான் வலைப்பந்தாட்டத்திற்குள் வந்தார். பிறகு செலான் வங்கியில் தொழிலும் அதன் அணியில் இடமும். அதற்கடுத்து தேசிய அணி.

வலைப்பந்தாட்டத்தை அறியாத வாசகர்களுக்காகச் சில சொற்கள். ஓர் அணியில் ஏழு பேர். வளையம் தரையிலிருந்து 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கும். கூடைப்பந்தாட்டத்தைப் போலப் பின்னாற் பலகை கிடையாது. ஏழு பேரில் இருவர் மாத்திரமே கோல் எய்யலாம், அதுவும் வளையத்தைச் சுற்றியுள்ள அரைவட்டத்திற்குள் நின்றே எய்யலாம். 2019இல் இருந்த விதிப்படி, பந்தை வைத்திருப்பவரிடமிருந்து தடுப்பவர் 0.9 மீற்றர் தள்ளி நிற்கவேண்டியிருந்தது. இந்த விதிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், தர்ஜினி போன்ற ஒருவரின் கைக்குப் பந்து சென்றுவிட்ட பிறகு எதிரணிக்கு அதிக வழியில்லை என்பது விளங்கும். ஆகவே எதிரணிகள் அவரைத் தடுக்க முயல்வதைவிட, அவருக்குப் பந்து செல்வதையே தடுக்க முயன்றன. சிலர் இதைக் கொண்டு, உயரம் இருந்தால் யாரும் எய்யலாம் என்று அலட்சியமாகப் பேசுவதுண்டு. அது சரியான கணிப்பல்ல. மூவர் சூழ்ந்து நெருக்கும்போது கால் நகராமல் நின்று, தலைக்கு மேலே வரும் பந்தை ஒரு கையால் ஏந்தி, உடல் சமநிலை குலையாமல் எய்வதற்குப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். அத்துடன், மறுமுனையிலிருந்து அந்தப் பந்தைச் சரியான உயரத்தில் அனுப்பும் ஒருத்தியும் வேண்டும். அப்படி அனுப்பியவர்கள் சிங்களப் பெண்கள். மூன்று விநாடிக்குள் ஒருவர் மனதை மற்றவர் அறியாமல் அது நடவாது.

2009இல் மலேசியாவில் ஆசியக் கிண்ணத்தை இலங்கை வென்றது. தர்ஜினி அந்த அணியில் இருந்தார். அது போர் முடிந்த ஆண்டு. இவ்விடத்தில் எனது தவறொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது நான் கொழும்பில் ஒரு பத்திரிகையின் ஆசிரியபீடத்தில் இருந்தேன். மெனிக் பாம் முகாம்கள், காணாமற் போனோர், கைதுகள் என்று பக்கங்கள் நிரம்பி வழிந்த நாட்கள். வலைப்பந்தாட்ட வெற்றிச் செய்தி மேசைக்கு வந்தபோது, எட்டு வரிகளுக்கு அதைச் சுருக்கும்படி கூறினேன். சுருக்குவதற்கு எளிதான பகுதி வீராங்கனைகளின் பெயர்ப்பட்டியல்தானே! அதை வெட்டினேன். முகாமில் முட்கம்பிக்குள் இருந்த சனத்தின் பிள்ளையொருத்தி அதே நாட்டிற்குக் கிண்ணம் வாங்கித் தந்தாள் என்ற செய்தி, அன்று எமது பத்திரிகையில் இவ்வாறுதான் இல்லாமற் போனது. இதற்கு வேறு எவரையும் நான் குறைகூற முடியாது.

2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில் அவர் சிறந்த கோல் எய்பவராகப் பாராட்டப்பட்டார். பின்னர் மெல்பேர்னில் சிட்டி வெஸ்ட் ஃபல்கன்ஸ் அணிக்காக ஆடினார். இடையில் ஆசியக் கிண்ணம் இலங்கையின் கையை விட்டுப் போனது. 2009இன் வெற்றிக்குப் பின் ஒன்பது ஆண்டுகள் அதை மீண்டும் வெல்ல முடியவில்லை. 2018 செப்ரெம்பரில் சிங்கப்பூரில், சத்துரங்கி ஜயசூரியவின் தலைமையிலான அணி இறுதிப் போட்டியில் சிங்கப்பூரை 69க்கு 50 என்று வென்றபோது தர்ஜினிக்கு வயது 39. மறுவருடம் லிவர்பூலில் இலங்கைக்கு 16 அணிகளில் 15ஆம் இடமே கிடைத்தது. ஆனால் அத்தொடரில் 300க்கும் அதிகமான கோல்களை எய்து முதலிடத்தில் நின்றவர், ஏறக்குறைய கடைசியில் வந்த அந்த அணியின் தர்ஜினி. நான் தேநீர்க் கடையிற் கண்டது அந்த நாட்களில் ஒன்றைத்தான்.

2022ஐ எவர் மறப்பார்? எரிபொருளுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை, ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டே வெளியேறினார். தோட்டங்களில் ஒருவேளை உணவைக் குறைத்த குடும்பங்களை நான் அறிவேன். அந்த செப்ரெம்பர் 11ஆம் திகதி, கிரிக்கெட் அணி டுபாயில் பாகிஸ்தானை வென்று ஆசியக் கிண்ணத்தைப் பெற்றது. அதே நாளில் சிங்கப்பூரில், கயஞ்சலி அமரவன்ச தலைமையில் வலைப்பந்தாட்ட அணி சிங்கப்பூரை 63க்கு 53 என்று வென்று தானும் ஆசியக் கிண்ணத்தைப் பெற்றது. தர்ஜினிக்கு அப்போது 43 வயது. கட்டுநாயக்கவிலிருந்து கொழும்புக்கு இரு அணிகளும் திறந்த பேருந்துகளில் ஊர்வலமாக வந்தன. வழிநெடுக நின்ற மக்களின் கூச்சலில் பெரும்பங்கு எந்தப் பேருந்திற்கு உரியதென்று நான் சொல்லத் தேவையில்லை. எனினும் அன்று பெண்களின் பேருந்தும் அதே பாதையில் வந்தது.

அதன்பின் ஒருமுறை டிக்கோயா சென்றபோது அந்தத் தேநீர்க் கடைக்குப் போனேன். முதியவரைக் காணவில்லை. மகள் வீட்டிற்குக் கொழும்பு போயிருக்கிறார் என்றான் கடைப் பையன். பாண் அடுக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே, பத்திரிகையிலிருந்து வெட்டிய தர்ஜினியின் படம் ஒட்டியிருந்தது. கீழே நீல மையில் யாரோ ஒரு தோட்டத்தின் பெயரையும், கீழ்ப் பிரிவு என்பதையும் எழுதியிருந்தார்கள்.

நாற்பது ஆண்டுகள் பிழை திருத்திய கை இது. பேனா சட்டைப்பையில்தான் இருந்தது. தேநீருக்குக் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.