நேர்முகப் பரீட்சை முடிந்த பின் நன்றி சொல்லலாமா?

நேர்முகப் பரீட்சைக்குப் போய்வந்த பிள்ளைகளிடம், "உங்களோடு கதைத்தவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் போட்டீங்களா?" என்று கேட்டால், அரியாலையில் எனக்கு இரண்டு பதில்கள்தான் கிடைக்கின்றன. ஒன்று, "அது என்னத்துக்கு?" மற்றது, "வேலைக்குக் கெஞ்சிற மாதிரி இருக்காதா?"

இரண்டாவது பதிலுக்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீடுகளுக்கு எழுத்தில் வருகிற நன்றி என்றால் அநேகமாக முப்பத்தோராம் நாள் அழைப்போடு வரும் நன்றி நவிலல்தான். கூட்டங்களில் நன்றியுரை உண்டு, ஆனால் அதற்குள் பாதிப்பேர் எழும்பிப் போய்விடுவார்கள். வேலை சம்பந்தமான நன்றியோ வேறு ரகம். அரசியல்வாதியின் சிபாரிசில் நியமனம் கிடைத்த காலங்களில் அது பொன்னாடையாகவும் பழத்தட்டாகவும் போனது. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் மாதக்கணக்கில் இருந்தபோது, வேலையை உரிமையாகத்தான் கேட்டார்கள். அப்படிக் கேட்ட தலைமுறைக்கு இந்த நன்றி கூச்சமாக இருப்பது நியாயமே.

ஆனால் நான் சொல்லும் நன்றி வேலைக்கானதல்ல. ஒருவர் அரை மணித்தியாலம் இருந்து எங்கள் கதையைக் கேட்டதற்கானது. வேலை கிடைக்குமா என்று தெரியமுதலே அனுப்பப்படுவதால் அதில் கைம்மாறும் இல்லை.

அமெரிக்காவில் இது எழுதாத சட்டம் போல. 2019 ஏப்ரலில் பிசினஸ் இன்சைடர் தளத்தில் ஜெசிக்கா லீப்மன் என்ற ஆசிரியர், நன்றி மின்னஞ்சல் அனுப்பாதவரை வேலைக்கு எடுப்பதில்லை என்பதே தன் விதி என்று எழுதினார். அதற்குப் பெரிய எதிர்ப்பு வந்தது. அப்படியொரு வழக்கம் இருப்பதே தெரியாத வீடுகளில் வளர்ந்தவர்களை அது தண்டிக்கிறது என்றார்கள். எனக்கும் அந்த எதிர்ப்புத்தான் சரியென்று படுகிறது. அதற்காக எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வழக்கத்தைச் சொல்லாமல் விடலாமா? கொழும்புக் கம்பனிகளும் சர்வதேச நிறுவனங்களும் ஆள் எடுக்கும்போது, அதைத் தெரிந்தவர்களோடுதானே இவர்களும் போட்டியிடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. அரச வேலைக்கு இதைச் செய்ய வேண்டாம். அங்கே புள்ளித்திட்டப்படி தெரிவு நடக்கிறது. சிபாரிசு தேடினால் தகுதியிழப்பு என்று பல வர்த்தமானி அறிவித்தல்களிலேயே எழுதியிருக்கும். தேர்வுக்குழுவில் இருந்தவருக்குத் தனியாக அனுப்பும் செய்தி, நல்ல மனதோடு எழுதினாலும், பிழையாக எடுபடலாம். தனியார் நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், விடுதிகள், தகவல் தொழில்நுட்பக் கம்பனிகளுக்கே இது பொருந்தும்.

அதே நாள் பின்னேரமோ அடுத்த நாள் காலையோ அனுப்புங்கள். நேர்முகத்துக்கு அழைத்த மின்னஞ்சலுக்கே பதிலாக எழுதலாம். நேர்முகம் நடந்த மொழியில் எழுதுங்கள், ஆங்கிலமென்றால் சின்னச் சின்ன வசனங்களில். அவர்கள் வாட்ஸ்அப்பில் அழைத்திருந்தால் மட்டும் வாட்ஸ்அப். குரல் பதிவு வேண்டாம், கைகூப்பும் ஸ்டிக்கரும் வேண்டாம். மூன்று பேர் கேள்வி கேட்டிருந்தால் மூவருக்கும் ஒரே கடிதத்தைப் பிரதி எடுத்து அனுப்பாதீர்கள். அவர்கள் ஒரே அறையில் இருந்து வேலை செய்பவர்கள்.

கணக்கு உதவியாளர் பதவிக்குப் போய்வந்த ஒருவர் இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய மெடம், இன்று காலை எனக்கு நேரம் ஒதுக்கிக் கதைத்தமைக்கு நன்றி. கடன் மீளளிப்பைக் கிராமவாரியாகப் பதியவேண்டியிருக்கிறது என்று நீங்கள் சொன்னது பயனுள்ளதாக இருந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிற்சி பெற்றபோது அதுபோன்ற பதிவேடொன்றை ஆறு மாதம் எக்செல்லில் பராமரித்தேன். நேர்முகத்தில் அதைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை. மேலதிக ஆவணங்கள் தேவையெனில் அனுப்பிவைப்பேன்."

இவ்வளவுதான். இதில் உயிரானது மூன்றாவது வசனம். எங்கள் பிள்ளைகள் பலர் திறமை இல்லாமல் தோற்பதில்லை, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வருவதால் தோற்கிறார்கள். விடுபட்ட ஒன்றைச் சேர்க்க இந்தக் கடிதம் கௌரவமான ஒரு வழி.

இன்னொன்று, எழுதக் கஷ்டமான விசயம். 2009இல் பதினைந்து, பதினாறு வயதில் இருந்தவர்கள் இன்று முப்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களில் பலருக்குச் சுயவிபரக் கோவையில் ஒரு இடைவெளி இருக்கும். மெனிக் பாம் முகாமில் இருந்து வந்து பிந்திப் பரீட்சை எழுதியவர்கள், சான்றிதழ்களைத் தொலைத்தவர்கள். "இந்த இரண்டு வருசம் என்ன செய்தீர்கள்?" என்று கொழும்பில் இருந்து வந்தவர் சாதாரணமாகக் கேட்பார், இவர்களுக்குத் தொண்டை அடைத்துவிடும். அந்தக் கதை முழுவதையும் நன்றிக் கடிதத்தில் எழுதவேண்டியதில்லை. அதை அறிய அவருக்கு உரிமையும் இல்லை. "இடம்பெயர்வால் கல்வி தடைப்பட்டது, பின்னர் இந்த ஆண்டில் உயர்தரத்தை முடித்தேன்" என்ற ஒரு வரி போதும். அதையும் நீங்கள் விரும்பினால் மட்டும்.

தெரிவாகவில்லை என்று பதில் வந்தாலும் இரண்டு வரி எழுதலாம். என்னைத் தெரிவுசெய்யாத ஒரு நிறுவனத்துக்கு அப்படி எழுதினேன். ஐந்து மாதம் கழித்து அவர்களே அழைத்து மொழிபெயர்ப்பு வேலையொன்று தந்தார்கள். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்லமாட்டேன்.

அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்று, நன்றிக் கடிதம் எழுதுகிறவர்கள் பெறுபவரின் சங்கடத்தைக் கூட்டியும் மகிழ்ச்சியைக் குறைத்தும் கணக்கிடுகிறார்கள் என்று காட்டியது. அது நேர்முகம் பற்றிய ஆய்வல்ல, தங்களுக்கு நன்மை செய்தவர்களுக்கு எழுதிய கடிதங்கள் பற்றியது. வேலை தேடும்போது அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்! விளம்பரத்தை அனுப்பிய நண்பி, கனடாவில் இருந்து ஆங்கிலத்தைத் திருத்தித் தந்த மச்சான், கையெழுத்துக்காகக் காத்திருந்த கிராம அலுவலர், நற்சான்றுக் கடிதம் தந்த ஆசிரியர்.

எங்கள் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நாற்பது பேருக்கு மேல் அப்படிக் கடிதம் கொடுத்திருக்கிறார். வேலை கிடைத்ததா இல்லையா என்று திரும்பிவந்து சொன்னவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். விரல் மடித்து எண்ணினார், ஒரு கை போதுமாக இருந்தது. அவரிடம் மின்னஞ்சல் இல்லை. பின்னேரங்களில் சனசமூக நிலையத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பார், நேரே போய்ச் சொல்லலாம்.