புல்லட்டில் 'டிக் டிக்' சத்தமா? டேப்பெட்டை டைட் வைக்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

காலையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணதும் இன்ஜினில் இருந்து 'டிக் டிக்' என்று சத்தம். உடனே பக்கத்தில் இருக்கும் ஒருவர், "டேப்பெட் லூஸா இருக்கு, டைட் வெச்சா சரியாயிடும்" என்பார். ஆனால் எல்லா புல்லட்டிலும் டேப்பெட்டை டைட் வைக்க முடியாது. சில மாடல்களில் அதற்கான ஸ்குரூவே கிடையாது!

டேப்பெட் கேப் என்றால் என்ன?

இன்ஜினுக்குள் பெட்ரோல் கலந்த காற்று வர ஒரு வால்வு, புகை வெளியேற ஒரு வால்வு. கேம் சுற்றும்போது இவை திறந்து மூடும். சூட்டில் உலோகம் விரியும் என்பதால், வால்வு முழுசாக மூட மிகச் சிறிய இடைவெளி விடுவார்கள். அதுதான் டேப்பெட் கேப்.

கேப் அதிகமானால் சத்தம் வரும். குறைந்தால் சத்தம் வராது, ஆனால் ஆபத்து அதுதான். வால்வு சரியாக மூடாமல், எரியும் வாயு கசிந்து வால்வின் விளிம்பையே கருக்கிவிடும். கம்ப்ரஷன் போனால் ஹெட்டைக் கழற்றித்தான் வேலை பார்க்கணும். எனவே சத்தம் நின்றுவிட்டது என்பதாலேயே செட்டிங் சரி என்று அர்த்தமில்லை.

ஹைட்ராலிக் லிஃப்டர் என்ன செய்கிறது?

ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி, முனையை விரலால் அடைத்துவிட்டு அழுத்திப் பாருங்கள். உள்ளே போகாது. ஹைட்ராலிக் லிஃப்டரும் இப்படித்தான். இதற்குள் ஒரு சின்ன பிளஞ்சர், ஸ்பிரிங், ஒருவழி வால்வு இருக்கும். இன்ஜின் ஆயில் உள்ளே நிரம்பி, இடைவெளி எவ்வளவு இருந்தாலும் தானாகவே அடைத்துக்கொள்ளும். அதனால் இதில் கேப் வைக்கும் வேலையே இல்லை.

உங்க வண்டி எந்த வகை?

* பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின்: கியர்பாக்ஸ் தனியாக இருக்கும். இதில் கையால் அட்ஜஸ்ட் செய்யணும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து பார்ப்பார்கள். புஷ் ராட் விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுற்றணும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

* யுசிஇ இன்ஜின்: 2009-ல் வந்த கிளாசிக் 350, 500 மாடல்களில் இருப்பது. இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும். இதில் ஹைட்ராலிக் லிஃப்டர் என்பதால் டேப்பெட் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது.

* ஜே சீரிஸ் இன்ஜின்: 2020-ல் மீட்டியார் 350, 2021-ல் புதிய கிளாசிக் 350 ஆகியவற்றில் வந்தது. இதில் ஹைட்ராலிக் லிஃப்டர் இல்லை. சர்வீஸ் அட்டவணைப்படி வால்வு கேப்பைப் பார்க்கணும்.

அதாவது, வெளியில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு கிளாசிக் 350-க்கும் வைத்தியம் வேறு வேறு.

யுசிஇ-யில் சத்தம் வந்தால்?

பல நாள் நிறுத்தி வைத்த வண்டியில், லிஃப்டரில் இருந்த ஆயில் வடிந்திருக்கும். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் சத்தம் வந்து, ஆயில் ஏறியதும் அடங்கிவிட்டால் பயப்பட வேண்டாம். ஆக்ஸிலேட்டரை முறுக்காமல் ஐட்லிங்கில் விடுங்கள்.

இன்ஜின் சூடான பிறகும் சத்தம் நிற்கவில்லையா? முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். அடுத்து, கம்பெனி சொன்ன கிரேடு ஆயில்தானா, ஆயில் ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றியது என்று பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் சத்தம் வந்தால், லிஃப்டரில் அழுக்கு அடைத்திருக்கலாம், அல்லது லிஃப்டரோ கேமோ தேய்ந்திருக்கலாம். அதைப் பிரித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஹைட்ராலிக்கில் அட்ஜஸ்ட்மென்ட்டே கிடையாதா?

சில இன்ஜின்களில் உண்டு. 1955-ல் அறிமுகமான ஷெவர்லேயின் சின்ன வி8 இன்ஜின் குடும்பம் இதற்குப் பிரபலமான உதாரணம். இதில் வால்வு மூடிய நிலையில், ராக்கர் நட்டை ஆட்டம் நிற்கும்வரை இறுக்குவார்கள். பிறகு மேனுவலைப் பொறுத்து அரை முதல் ஒரு சுற்றுவரை கூடுதலாக முறுக்குவார்கள். பிளஞ்சர் கொஞ்சம் உள்ளே அழுந்தி நின்றால்தான் லிஃப்டர் வேலை செய்யும். இங்கேயும் கேப் விடுவதில்லை. ஆனால் அளவுக்கு மேல் இறுக்கினால் வால்வு மூடாமல் போகும்.

எனவே அடுத்த முறை "டேப்பெட் டைட் வைக்கணும்" என்று யாராவது சொன்னால், "அண்ணே, இது ஹைட்ராலிக் லிஃப்டரா, இல்ல ஸ்குரூ வெச்சதா?" என்று கேளுங்கள். உங்க வண்டி யுசிஇ என்றால், டேப்பெட் செட்டிங் என்று பில்லில் ஒரு வரி வரவே கூடாது.