ச்சவால்: தடைசெய்யப்பட்ட மொழி தந்த விளிச்சொல்

மத்ரித் நகரத் தெருவில் ஓர் இளைஞன் மற்றோர் இளைஞனை ‘ச்சவால்’ என்று அழைப்பதைக் கேட்கலாம். (நம் ‘சவால்’ அரபு வழி வந்தது, ஒலி ஒற்றுமை தவிர இரண்டுக்கும் உறவில்லை.) ‘பையா’, ‘தம்பி’ என்னும் நெருக்கத்தைத் தரும் இச்சொல், ஸ்பெயின் நாட்டு ரோமா மக்களின் கலோ மொழியில் சிறுவர்களைக் கூட்டாக விளிக்கும் வடிவமாக இருந்தது.

ரோமா மக்களின் மூதாதையர் இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதை மொழியியல் ஐயமின்றி நிறுவியுள்ளது. ஆதலால் தில்லியில் அமர்ந்து ஸ்பானியத் தெருமொழியைப் படிப்பவருக்கு அடிக்கடி ஒரு திடுக்கிடல் நேரும். ‘மங்கார்’ என்றால் திருடுதல். கலோவில் அது இரத்தல். இந்தியின் ‘மாங்னா’வுடன் உறவுடையது. காதலைக் குறித்த ‘கமெலார்’ இன்று முகத்துதி செய்து மயக்குவதைச் சுட்டுகிறது. அதன் வேர் ‘காமம்’. ஊழல்வாதியை ‘ச்சோரித்தோ’ என்று ஏசுகிறார்கள். தமிழ் இலக்கியம் அறிந்த ‘சோரன்’தான் அது. அதே ஒலியுடைய மற்றொரு சொல் பன்றி இறைச்சித் தொத்திறைச்சியைக் குறிக்கும். இத்தனை தொத்திறைச்சிக்கு ரொட்டி போதாது என்று 2011ஆம் ஆண்டுப் போராட்டக்காரர்கள் முழங்கியது இந்தச் சிலேடையை வைத்துத்தான். ‘ஹிலிபோயாஸ்’ என்னும் பெருவசவின் முற்பகுதியான ‘ஹிலி’, கலோவில் வெறும் அப்பாவியைக் குறித்தது. பிற்பகுதியின் பொருளை அவை நாகரிகம் கருதி விட்டுவிடுகிறேன்.

இத்தனை வசவுகள் ஏன் இம்மொழியிலிருந்து வந்தன? ‘அது திருடர் மொழி’ என்ற பழைய விடையை என்னால் ஏற்க இயலவில்லை. 1425இல் அரகோன் மன்னர் ஐந்தாம் அல்போன்சோ இம்மக்களின் தலைவர் ஒருவருக்குப் பாதுகாப்புச் சீட்டு வழங்கினார். முக்கால் நூற்றாண்டுக்குள், 1499இல், 60 நாள்களில் நிலையான தொழிலும் இருப்பிடமும் தேடிக்கொள்ளாவிட்டால் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்ற ஆணை பிறந்தது. 1633இல் அவர்களது மொழியும் உடையும் ‘ஹிதானோ’ என்னும் பெயரும் தடைசெய்யப்பட்டன. 1749 ஜூலை இறுதியில், ஆறாம் பெர்னாந்தோவின் ஆட்சியில், அமைச்சர் என்செனாதா தீட்டிய திட்டப்படி ஏறத்தாழ 9,000 பேர் ஒரே வீச்சில் பிடிக்கப்பட்டனர். இனம் பெருகாதிருக்க ஆண்களையும் பெண்களையும் பிரித்தார்கள். ஆண்கள் கடற்படைத் தளங்களில் கட்டாய உழைப்புக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோரை விடுவிக்கும் ஆணை 1765இல்தான் வந்தது. துடுப்புக் கப்பல்களிலும் சிறைகளிலும் இவர்களைக் குற்றவாளிகளோடு அடைத்து வைத்தது அரசே. அங்கே பேசப்பட்ட மொழியில் திருட்டுக்கும் ஏமாற்றுக்கும் சொற்கள் மிகுந்ததற்குப் பேசியவர்களின் குணத்தைக் காரணமாக்குவது முறையன்று. சந்தையும் 19ஆம் நூற்றாண்டின் பிளமெங்கோ மோகமும் பிற சொற்களைப் பொதுவழக்குக்குக் கொண்டு சேர்த்தன.

இதற்கிடையில் மொழியின் இலக்கணம் கரைந்துவிட்டது. இன்றைய கலோ, ஸ்பானிய இலக்கணத்தின்மீது அமர்ந்த ரோமா சொற்றொகுதி மட்டுமே.

2014இல் ஸ்பானிய அரச மொழிக் கழகத்தின் அகராதி ‘ஹிதானோ’ என்பதற்கு ‘ஏமாற்றுக்காரர்’ என்றும் ஒரு பொருள் தந்திருந்தது. ரோமா அமைப்புகள் எதிர்த்தன. அகராதி நடப்பைப் பதிவு செய்கிறது, உருவாக்குவதில்லை என்பது கழகத்தாரின் வழக்கமான வாதம். மறு ஆண்டு, அப்பொருள் புண்படுத்தும் வழக்கு என்ற குறிப்பைச் சேர்த்தார்கள், பொருளை நீக்கவில்லை. அதே அகராதியில் ‘ச்சவால்’ என்னும் பதிவின் தலைப்பில் ‘கலோவிலிருந்து’ என்ற குறிப்பு இருக்கிறது.