ஆற்காட்டில் யார் தூங்கினார்கள், யார் விழித்திருந்தார்கள்?



சாயங்காலம் பி பிளாக் எதிரில் உள்ள சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் பேச்சு தூக்கத்துக்கு வந்துவிடுகிறது. எட்டு மணி நேரம் வேண்டுமா, ஆறு போதுமா? மதியம் சாப்பிட்ட கையோடு படுக்கலாமா? அந்தக் காலத்தில் எல்லோரும் எட்டு மணிக்கே படுத்து நாலு மணிக்கு எழுந்தார்களே, நமக்கு ஏன் முடியவில்லை? ஆளுக்கொரு பதில் இருக்கிறது. எல்லோரும் டாக்டர்கள்தான்.

நான் டாக்டர் இல்லை. பி.காம். முடித்து வங்கியில் கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். பழைய கதைகளைப் படிப்பது மட்டும் வழக்கம். நம் ஊர்க் கதைகளை அந்தக் கண்ணோடு பார்த்தபோது, எத்தனை மணி நேரம் என்பதைவிட வேறு இரண்டு கேள்விகள்தான் முன்னால் வந்து நின்றன. நாம் தூங்கும்போது யார் விழித்திருக்கிறார்கள்? அவர்கள் எப்போது, எங்கே தூங்குகிறார்கள்?

முதலில் பெஞ்சு விவாதத்துக்கு ஒரு சின்ன விஷயம். தமிழ் இலக்கணம் ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது நாலு மணி நேரம். இரவு 10 முதல் 2 வரை யாமம். 2 முதல் 6 வரை வைகறை. 2000-ஆம் ஆண்டு வந்த மத்திய அரசின் ஒலி மாசு விதிகளை எடுத்துப் பாருங்கள். அதில் இரவு என்பது 10 மணி முதல் 6 மணி வரை. யாமமும் வைகறையும் சேர்ந்த அதே எட்டு மணி நேரம்! விதி எழுதியவர்கள் தொல்காப்பியம் படித்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. கணக்கு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். வைகறையில் எழச் சொன்ன ஔவையாரை மேற்கோள் காட்டுகிறவர்கள், அந்த வைகறை இரண்டு மணிக்கே தொடங்கிவிடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

‘அந்தக் காலத்தில் நன்றாகத் தூங்கினார்கள்’ என்பதை நான் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரோஜர் எக்கிர்ச் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் ஐரோப்பாவின் பழைய ஆவணங்களைத் துருவி, மின்விளக்குக்கு முந்தைய காலத்தில் பலர் ஒரே மூச்சாகத் தூங்கவில்லை, முதல் தூக்கம், இரண்டாம் தூக்கம் என்று இடையில் விழித்திருந்தார்கள் என்று 2001-ல் எழுதினார். நம் பக்கமோ திரௌபதி அம்மன் திருவிழா என்றால் விடிய விடியக் கூத்து. வட ஆற்காட்டுக் கிராமங்களில் பாரதக் கூத்து நடக்கும் நாட்களில் யார் எட்டு மணிக்குப் படுத்தார்கள்?

சரி, கதைக்கு வருகிறேன்.

1751. டெல்லி கேட் பக்கம் போகும்போது அந்த வாயிலை நிமிர்ந்து பார்த்திருப்பீர்கள். ஆற்காட்டுக் கோட்டையில் மிஞ்சியிருப்பது ஏறக்குறைய அதுதான். அந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் ராபர்ட் கிளைவ் சுமார் 200 ஐரோப்பியர்களோடும் 300 சிப்பாய்களோடும் மதராஸிலிருந்து வந்து, சண்டையே இல்லாமல் கோட்டையைப் பிடித்தார். ஓடிப்போன காவல் படை ஊருக்கு வெளியே முகாம் போட்டுத் தங்கியது. ஒரு நாள் நடு இரவில் கிளைவ் புகுந்து அந்த முகாமைத் தாக்கினார். தூங்கிய முகாம் சிதறியது. அவர் பக்கத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை என்று ஆங்கிலேய ஆசிரியர்கள் பெருமையாக எழுதுகிறார்கள்.

பிறகு சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப் பெரும்படையோடு வந்து முற்றுகையிட்டார். ஐம்பது நாள். உள்ளே ஆட்கள் குறைந்து, சுமார் 120 ஐரோப்பியர்களும் 200 சிப்பாய்களும் மிஞ்சினார்கள். நவம்பர் 14, மொஹரம் நாட்கள். விடியலில் நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளைக் கொண்டு கதவை உடைக்க வந்தார்கள். அந்த நேரத்தில் கிளைவ் என்ன செய்துகொண்டிருந்தார்? தாக்குதல் வரும் என்று முன்கூட்டியே தகவல் தெரிந்து, ஏற்பாடெல்லாம் முடித்துவிட்டு, களைப்பில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டதும் எழுந்து தன் இடத்துக்குப் போனார். அவருடைய துணிச்சலைத்தான் புத்தகங்கள் பேசுகின்றன. எனக்குத் தோன்றுவது வேறு: அவர் தூங்க முடிந்ததற்குக் காரணம், மதில் மேல் பெயர் தெரியாத யாரோ சில சிப்பாய்கள் முறை வைத்து விழித்திருந்தது.

அடுத்தது வேலூர். 1806, ஜூலை 10. இந்தக் கதையைப் பள்ளியில் படித்தோம். சாதிக் குறி கூடாது, தாடி கூடாது, தோல் இலச்சினை வைத்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவுகள் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தன. திப்புவின் குடும்பத்தார் கோட்டைக்குள்தான் காவலில் இருந்தார்கள். முந்தின நாள்தான் திப்புவின் மகள் ஒருவருக்குக் கல்யாணம். நள்ளிரவு தாண்டி, நம் கணக்கில் வைகறை தொடங்கிய நேரத்தில், சிப்பாய்கள் ஐரோப்பியர் பாரக்கைச் சூழ்ந்து சுட்டார்கள். 69-வது படைப்பிரிவில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள், பெரும்பாலோர் படுக்கையிலேயே. கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டும் கொல்லப்பட்டார்.

இதில் நமக்கு வேண்டிய ஆள் முஸ்தபா பேக் என்ற சிப்பாய். ஜூன் மாதமே அவர் மேலதிகாரியிடம் போய், சதி நடக்கிறது என்று சொல்லிவிட்டார். விசாரணை நடந்தது. ஆளுக்குப் பைத்தியம் என்று முடிவு செய்து விலங்கு போட்டார்கள். எல்லோரும் நிம்மதியாகத் தூங்கப் போனார்கள்! கலகம் முடிந்த பிறகு அவருக்குப் பரிசு கொடுத்தது வேறு கதை.

ஆற்காட்டின் பங்கு அன்று காலை வருகிறது. இங்கே முகாமிட்டிருந்த குதிரைப்படைத் தளபதி கில்லெஸ்பி, முந்தின இரவு ஃபேன்கோர்ட் வீட்டில் விருந்துண்டு வேலூரிலேயே தங்குவதாக இருந்தாராம். கடிதங்கள் வந்து தாமதமாகிவிட, ஆற்காட்டிலேயே படுத்துவிட்டார் என்று அவருடைய வாழ்க்கைக் கதையில் சொல்லப்படுகிறது. படுத்த இடம் மாறியதால் தலை தப்பியது. செய்தி கிடைத்ததும் சுமார் 25 கிலோமீட்டர் குதிரையில் விரைந்து கோட்டையை மீட்டார். அதன் பின் நடந்தது கொடுமை. அரண்மனையில் ஒளிந்திருந்த சிப்பாய்களை வெளியே இழுத்து வந்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளினார்கள். மொத்தம் சுமார் 350 சிப்பாய்கள் மாண்டதாகக் கணக்கு. முதல் இந்திய விடுதலைப் போர் என்று நாம் பெருமைப்படும் நிகழ்ச்சி; பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் இரு பக்கத்திலும் செத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் உத்தரவு போட்டவர்கள் இல்லை, உத்தரவை நிறைவேற்றியவர்கள்.

இதற்கெல்லாம் பிறகு பாலாற்றங்கரையில் தோல் வந்தது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. இந்தப் பத்திரிகை படிக்கும் குடும்பங்களில் பாதிக்கு அதில் ஏதாவது தொடர்பு உண்டு. ஆகவே தொழிலைக் குறை சொல்ல நான் வரவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது நினைவிருக்கும். மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டிய தீர்ப்பு அது. தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. கழிவைச் சுத்திகரித்தே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இறுகியது.

2015 ஜனவரி 31, சனிக்கிழமை. விடிவதற்கு வெகு நேரம் முன்பு, ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. தோல் கழிவுச் சேறு பக்கத்துத் தொழிற்சாலைக்குள் புகுந்தது. அங்கே தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

பாலாற்றுப் பாலம் தாண்டினால் அந்த இடம். நாம் அன்று இரவு எங்கே தூங்கினோம் என்று நினைத்துப் பாருங்கள். எட்டு மணி நேரமா ஆறு மணி நேரமா என்ற கேள்வி அந்தப் பத்துப் பேருக்கு எழவே இல்லை. பாய் விரிக்க இடம் கிடைத்தது, விரித்தார்கள். அந்த இடத்துக்கு மேலே ஒரு சுவர் நின்றது.

தூக்கத்தைச் சட்டம் காப்பாற்றத் தொடங்கியது சமீபத்தில்தான். அதிலும் நம்மைப் போன்ற ஒரு சங்கத்துக்குப் பங்கு உண்டு. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கம், பக்கத்தில் நடந்த பிரார்த்தனைக் கூட்டத்தின் ஒலிபெருக்கியையும் டிரம்ஸையும் எதிர்த்துப் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000 ஆகஸ்ட் 30-ல் வந்த தீர்ப்பு, பிறர் அமைதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது. முதியவர்கள், நோயாளிகள், தூங்கும் குழந்தைகள், பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்கள் என்று எல்லோரையும் அது நினைத்துப் பார்த்தது. அது எல்லா மதத்துக்கும், நம் மொட்டை மாடிப் பிறந்தநாள் பார்ட்டிக்கும் பொருந்தும். 2011 ஜூன் 4 இரவு டெல்லி ராம்லீலா மைதானத்தில் தூங்கிய கூட்டத்துக்குள் போலீஸ் நுழைந்தது பற்றிய வழக்கில், 2012 பிப்ரவரியில் நீதிபதி பி.எஸ். சௌஹான் தூக்கமே ஓர் அடிப்படை உரிமை என்று எழுதினார்.

ஆனால் இந்தத் தீர்ப்புகள் எல்லாம் இரவில் படுத்திருப்பவரைப் பற்றியவை. இரவில் நின்றுகொண்டிருப்பவர்? மதுரைக்காஞ்சியில் யாம நேரத்தில் மழையிலும் சோராமல் நகரைச் சுற்றிவரும் ஊர்க்காவலர்களைப் பற்றி மாங்குடி மருதனார் விரிவாகப் பாடியிருக்கிறார். அவர்கள் பகலில் எங்கே தூங்கினார்கள் என்பது பாட்டில் இல்லை.

இப்போது நம் வளாகத்துக்கு வருகிறேன். இரவு வாட்ச்மேன் மூன்று மணிக்குத் தூங்குகிறார், ஆளை மாற்றுங்கள் என்று மூன்று கடிதங்கள் கமிட்டிக்கு வந்திருக்கின்றன. புகார் பொய் இல்லை. நானும் பார்த்திருக்கிறேன், நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்திருக்கும். கணக்கு போட்டுப் பார்ப்போம். இரவு 8 முதல் காலை 8 வரை 12 மணி நேரம். வாரம் ஏழு நாள். 84 மணி நேரம். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் தொழிலாளிக்கு வாரம் 48 மணி நேரம்தான் என்று வைத்தது. 1922-ல், வெள்ளைக்காரன் காலத்திலேயே, அது 60. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது இதே பெஞ்சில் நாம் எவ்வளவு கோபப்பட்டோம்! மே தினத்தன்று அரசு அதைத் திரும்பப் பெற்றதும் கை தட்டினோம். நம் கேட்டில் அந்தப் பன்னிரண்டு மணி நேரம் பல வருஷமாக நடக்கிறது.

ஆஸ்திரேலியாவில் 1997-ல் நடந்த ஒரு சோதனையில், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கையும் மூளையும் இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரைப் போலத் தடுமாறியது தெரிந்தது. நம் நாட்டில் 0.03 தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது. அரையாண்டு குளோசிங் இரவுகளில் வங்கியில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கும் என்பது பால பாடம். ஆனால் இரவு ஒரு மணிக்கு அது யாருக்கும் கண்ணில் படாது. காலையில் வந்தால் ஐந்து நிமிஷத்தில் அகப்படும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, உடலின் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவை பட்டியலில் 2007-லேயே சேர்த்துவிட்டது.

ஆளை மாற்றினால் புது ஆளும் மூன்று மணிக்குத் தூங்குவார். மனித உடம்பு அப்படி. ஆகவே அடுத்த பொதுக்குழுவில் நான் இரண்டு தீர்மானம் கொண்டு வருகிறேன். ஒன்று, இரவுக்கு இரண்டு பேர். முறை வைத்து ஒருவர் விழித்திருக்க மற்றவர் படுக்கலாம். ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு நாள் விடுமுறை. கூடுதல் செலவை வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன். கேபிள் பில்லைவிடக் குறைவாகவே வருகிறது.

இரண்டாவது, அவர் பகலில் படுக்கும் இடம். மாடிப்படிக்குக் கீழே, மோட்டார் ரூமுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறோம். ஜன்னல் இல்லை. ஏ பிளாக்கில் பழைய பேப்பர் அடுக்கி வைத்திருக்கும் அறை காலியானால் அதைக் கொடுக்கலாம். மோட்டார் ரூம் சாவி செயலாளரிடம் இருக்கிறது. ஓட்டுப் போடுவதற்கு முன்னால், பகல் பதினொரு மணிக்கு மோட்டார் ஓடும்போது ஒரு தடவை போய், அந்தக் கட்டிலில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.