ஓட்டத்தை அளந்தவர்கள்

கொஸ்லந்தையைச் சூழ்ந்த தோட்டங்களில் சமதரை என்பது கிடைத்தற்கரிய பொருள். தேயிலைக்கு ஏற்ற சரிவெல்லாம் தேயிலைக்குப் போயிற்று. அதற்கு ஏலாத இடங்களில் லயங்கள் எழுந்தன. இரண்டிற்கும் ஏலாது எஞ்சிய துண்டு நிலமே பெரும்பாலும் பாடசாலைக்கு வாய்த்தது. அத்தகைய ஒரு துண்டிலேதான் எமது மாணவர் எல்லே ஆடுகின்றனர். மூங்கிற் கோலால் பந்தை அடித்து, நிலைகளைச் சுற்றி ஓடி, எதிரணியார் எறியும் பந்து உடலிற் படாமல் மீள வேண்டும். அமெரிக்கர் போற்றும் பேஸ்போல், சொவ்ட்போல் ஆகியவற்றிற்கு நெருங்கிய உறவான இவ்விளையாட்டு, இந்நாட்டுக் கிராமங்களில் சித்திரைப் புத்தாண்டு தோறும் ஆடப்படுவது; பாடசாலைப் போட்டிகளிலும் இடம்பெறுவது.

சென்ற ஆண்டு அணி ஒன்றைத் தெரிவுசெய்யும் பொறுப்பு எம்மிடம் வந்தது. நாம் தமிழ் படித்தவர். விளையாட்டுத் துறையில் எவ்விதத் தகைமையும் அற்றவர். எனினும், சிறிய பாடசாலைகளில் இருக்கின்ற ஆசிரியரே எல்லாத் துறைக்கும் ஆசிரியர் என்பதை வாசகர் அறிவர். 60 மீற்றர் தூரத்தை அளந்து, கோடிட்டு, கைப்பேசியின் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக ஓடவிட்டோம். முதல் நாள் மேற்கோடியிலிருந்து ஓடினார்கள். இரவு மழை பெய்து கீழ்க்கோடி சேறாகிவிடவே, மறுநாள் மீதமிருந்தோரைச் சேற்றுக்குச் சற்று இப்பாலிருந்து மேல்நோக்கி ஓடவிட்டோம். தூரம் அதே 60 மீற்றர்தானே என்பது எமது நினைப்பு. நேரங்களை வரிசைப்படுத்தி, மேலிருந்து கீழாகப் பெயர்களைத் தெரிந்து, பட்டியலையும் அனுப்பிவிட்டோம். பின்னரே ஒரு மாணவன் எம்மிடம் வந்து, “சேர், நாங்க ஏறி ஓடினோம், அவங்க எறங்கி ஓடினாங்க” என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது. பட்டியலில் அவன் பெயர் இல்லை. அத்தவணை முடிந்ததும் அவன் கொழும்பிலே ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். அணியிற் சேர்ந்திருந்தால் படிப்பில் நின்றிருப்பான் என்று கூற நாம் துணியோம். ஆனால் அவனை அளந்த அளவு பிழையானது. அந்தப் பிழை எம்முடையது.

இப்பிழையின் உறுத்தலே, மனிதர் ஓட்டத்தை மனிதர் எவ்வாறு அளந்து வந்தனர் என்று தேட எம்மைத் தூண்டியது.

பண்டைய கிரேக்கர் ஒலிம்பியாவில் ஏறத்தாழ 192 மீற்றர் தூரம் ஓடினர். வென்றவன் பெயர் எழுதப்பட்டதேயன்றி எவ்வளவு நேரத்தில் ஓடினான் என்பது எழுதப்படவில்லை. எழுதுதற்குரிய கருவியும் இல்லை, அதற்கான தேவையும் இல்லை. யார் முன்னே, யார் பின்னே என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. நம் முன்னோரிடம் நேரத்தை அளக்கும் கருவி இருந்தது. முல்லைப்பாட்டிலே பாசறைக்காட்சியில் நாழிகைக் கணக்கர் வருகின்றனர். குறுநீர்க் கன்னலைப் பார்த்துப் பொழுது அளந்து அரசனுக்கு அறிவிப்பது அவர்கள் தொழில். நேரம் அங்கே அரசனுக்குரிய பொருளாக இருந்தமை கவனித்தற்குரியது. பின்னர், கலிலியோ 1638-இல் வெளியான தமது நூலில், சாய்பலகையில் குண்டை உருட்டி, அது உருளும் வரை ஒழுகிய நீரை நிறுத்து நேரத்தைக் கணித்த முறையை விளக்கினார். சரிவில் இறங்கும் பொருள் தன் வேகத்தை இடையறாது கூட்டிக்கொண்டே செல்லும் என்பதை உலகுக்கு எண்களால் காட்டியவர் அவர். அவரைப் பாடநூலிற் படித்து முடித்த நாமே எமது மைதானத்தின் சரிவை மறந்தோம்!

செக்கனைப் பகுத்துக் காட்டும் நிறுத்தற் கடிகாரம் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பரவியபொழுது, அது விளையாட்டரங்கோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் பிரடெரிக் டெய்லர் 1880-களிலே உருக்கு ஆலைத் தொழிலாளியின் பின்னே நின்று, அவன் ஒவ்வோர் அசைவுக்கும் எடுத்த நேரத்தைக் குறித்தார்; 1911-இல் தம் கொள்கையை நூலாக்கினார். மிக விரைந்து செய்பவனின் நேரம் மற்றெல்லோருக்கும் விதியாயிற்று.

மலைநாட்டிலே துரைமார்க்கு நிறுத்தற் கடிகாரம் வேண்டியிருக்கவில்லை. விடியுமுன் பிரட்டுத் தப்பு ஒலித்தது, தராசு இருந்தது, செக்ரோல் இருந்தது. குறித்த இறாத்தல் கொழுந்து எடுத்தவளுக்கு ஒரு பேர், எடுக்காதவளுக்கு அரைப்பேர். கூடையின் நிறை என்றும் ஈரம் என்றும் கழித்த பின்னரே நிறுவை எழுதப்பட்டது. விரலின் வேகத்தை இதனிலும் கூர்மையாக அளந்த கருவி உலகில் உண்டோ என்று நாம் ஐயுறுகிறோம். காலின் வேகத்துக்கும் ஒருவர் இருந்தார். தோட்டத்தில் தப்பால்காரர் என்று வழங்கப்பட்ட அவர், நாள்தோறும் தபாற் கந்தோருக்கு இறங்கிக் கடிதப் பையோடு மலையேறினார். துரை பங்களாவின் இறைச்சிப் பெட்டியைத் தலையிற் சுமந்து வந்தோரும் உண்டு. ஊவாவுக்குப் புகைவண்டி தாமதித்தே வந்தது: ஹப்புத்தளைக்கு 1893-இல், பண்டாரவளைக்கு 1894-இல், பதுளைக்கு 1924-இல். அதற்கு முன்னும், பாதை எட்டாத தோட்டங்களில் அதற்குப் பின்னும், செய்தியின் வேகம் என்பது ஒரு கூலியாளின் கால்களின் வேகமே. அவருக்கு எவரும் பதக்கம் சூட்டவில்லை.

இனி 1948-ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு ஜூலை 31-இல் இலண்டன் ஒலிம்பிக்கில், கண்டி திரித்துவக் கல்லூரியிற் பயின்ற டங்கன் வைட் 400 மீற்றர் தடைதாண்டலை 51.8 செக்கனில் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். இலங்கை பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. நாடே கொண்டாடிற்று. அதே ஆண்டிலேயே 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறி நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. பதக்கம் பெற்ற நாடு, தன் ஏற்றுமதியைச் சுமந்த மக்களிற் பெரும்பாலோரை அன்னியராக்கிற்று. 1964-இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இன் ஒப்பந்தம் சரிபாதியாக்கிற்று. நாடற்றிருந்தோர் பிரச்சினை சட்டப்படி தீர்க்கப்படுவதற்கு 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட அரை நூற்றாண்டிலே தேயிலை மலைகளிற் பிறந்த வேகமான கால்கள் எத்தனையோ! கடவுச்சீட்டுப் பெற முடியாதவனின் ஓட்டத்தை எந்தக் கடிகாரத்தால் அளந்து என்ன பயன்?

கடிகாரம் இதற்கிடையே நுட்பமாகிக்கொண்டே போயிற்று. 1932-இல் லொஸ் ஏஞ்சலிஸில் 100 மீற்றர் ஓட்டத்தின் முதலிருவருக்கும் கைக்கடிகாரம் 10.3 என்றே காட்டியது. எடி டோலன் வென்றார் என்று முடிவுகூறப் படச்சுருளை ஆராய வேண்டியதாயிற்று. 1960-இல் ரோமிலே மில்கா சிங் 400 மீற்றரை 45.6 செக்கனில் ஓடியும் 45.5-இல் ஓடியவருக்கே வெண்கலம் கிட்டியது. 1977 முதல், 400 மீற்றர் வரையான ஓட்டங்களின் உலக சாதனைகளுக்கு மின்கடிகார நேரமே ஏற்கப்படுகிறது. 1984-இல் பி. டி. உஷா 55.42 செக்கனில் ஓடி, 55.41-இல் ஓடியவரிடம் வெண்கலத்தை இழந்தார். எமது கையிலுள்ள கருவிக்கு இவ்வேறுபாடு கண்ணிலேயே படாது.

கையால் அளப்போர் அறிய வேண்டியவை சில உள. ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். 100 மீற்றருக்கு அப்பால் முடிவுக்கோட்டில் நிற்பவர் வெடியோசையைக் கேட்டுக் கடிகாரத்தை அழுத்தினால் ஓடுபவனுக்கு 0.3 செக்கன் அளவில் இனாம் கிடைத்துவிடும். எனவே புகையைப் பார்த்தே அழுத்தல் வேண்டும். துப்பாக்கி இல்லாத எம்போன்றோர் கையசைவைப் பார்க்கலாம். அவ்வாறு செய்தும் கைநேரம் குறைவாகவே வரும். ஆகவேதான் 100, 200 மீற்றர் ஓட்டங்களின் கைநேரத்தை மின்நேரத்தோடு ஒப்பிடுமுன் 0.24 செக்கன் கூட்டுவது வழக்கமாயிற்று. முதுகில் வீசும் காற்று செக்கனுக்கு 2 மீற்றரைத் தாண்டினால் சாதனை செல்லாது. ஓடுபாதையின் இறக்கமோ ஆயிரத்தில் ஒன்றைத் தாண்டலாகாது. அதாவது 100 மீற்றருக்கு 10 சென்ரிமீற்றர். எமது மைதானத்தின் ஒரு கோடியில் நிற்பவருக்கு மறுகோடியில் நிற்பவரின் தலை கண்மட்டத்துக்குக் கீழே தெரியும்.

சரிவு என்றதும் எமக்கு வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் மலையே இறங்கி ஓடி வந்து லயங்களை மூடிற்று. அந்நிலம் சரியக்கூடியது என்று ஆராய்ந்தோர் முன்னரே எச்சரித்திருந்தனர். அங்கு அளவு இருந்தது. மக்களுக்கு வேறிடத்தில் வீடு இருக்கவில்லை.

எல்லேயிலும் சொவ்ட்போலிலும் நேர்கோட்டு ஓட்டம் மட்டும் அளந்தாற் போதாது என்பதை நாம் காலந்தாழ்த்தியே உணர்ந்தோம். அமெரிக்காவிலே பேஸ்போல் வீரரைத் தேடித் திரிவோர் 60 யார் ஓட்டத்தை அளப்பதோடு, பந்து மட்டையிற் பட்ட கணம் தொடங்கி முதல் நிலையைக் கால் தொடும் கணம் வரையும் தனியே அளப்பர். சொவ்ட்போலில் நிலைக்கு நிலை 60 அடியே. இக்குறுகிய தூரத்தில் உச்ச வேகத்தை எட்டுமுன் நிலை வந்துவிடும். ஆதலின் அடித்த உடலை நிமிர்த்திக் கோலைக் கைவிட்டு முதல் மூன்றடி எடுத்துவைப்பதிலேயே பாதிக் காரியம் முடிந்துவிடுகிறது. அடுத்து வருவது திருப்பம். நேரே நிலையை நோக்கிப் பாய்பவன் அங்கே தடுமாறி அகன்று போவான். சற்று முன்னரே வெளிப்புறம் வளைந்து உட்சாய்ந்து திரும்புபவன் நேரோட்டத்தில் பின்தங்கியவனாயினும் முழுச் சுற்றில் முந்துவான். எமது மாணவி ஒருத்தி 60 மீற்றரில் நடுத்தரம்; சுற்றோட்டத்தில் அவளை எவரும் தொட்டதில்லை. நாள்தோறும் தேயிலை மலையின் குறுக்குப்பாதைகளில் வளைந்து வளைந்து இறங்கி வரும் கால்கள் அவளுடையவை. மூன்றாவது, பந்து எங்கே என்று பார்த்து நிற்பதா ஓடுவதா என்று துணிதல். இதனை எந்தக் கடிகாரமும் காட்டாது. பல ஆட்டங்களைப் பொறுமையோடு பார்த்து எழுதிவைத்தலே வழி.

இன்னுமொன்று. பதின்மூன்று வயதில் ஒருவன் திடுமென வளர்ந்துவிடுகிறான், அவன் தோழன் இரண்டாண்டு பிந்தி வளர்கிறான். அன்றைய நேரத்தை வைத்து ஒருவனை வீரன் என்றும் மற்றவனை ஏலாதவன் என்றும் எழுதிவிடுதல் எமது தொழிலிற் பெருங்கேடு. காலையில் சாயத் தண்ணியோடு மட்டும் வந்த பிள்ளையைப் பதினொரு மணிக்கு ஓடவிட்டு எடுத்த நேரம் அப்பிள்ளையின் வேகத்தைக் காட்டுவதிலும் அதன் வீட்டு அடுப்பையே அதிகம் காட்டும். நேரத்துக்கு அருகே, “உண்டாயா?” என்ற கேள்விக்கான விடையையும் இப்போது குறித்து வருகிறோம். ஆசிரிய நண்பர் சிலர் இதைக் கண்டு நகைத்தனர். ஒருவர் தம் பாடசாலையிலும் தொடங்கிவிட்டதாகக் கூறினார்.

இவ்வாண்டுத் தெரிவில் ஒவ்வொருவரும் ஏறியும் இறங்கியும் இருமுறை ஓடினர். பின்னர் முழுச் சுற்று, வெவ்வேறு நாட்களில் மும்முறை. இரு கடிகாரங்கள், ஒன்று எமது கையில், மற்றது ஒரு மாணவியின் கையில். எமது நேரங்கள் அவளுடையனவற்றிலும் ஏறக்குறைய எப்போதும் குறைவாகவே இருந்தன. விரல் முந்திக்கொள்கிறது என்று அவளே கண்டு சொன்னாள். சுண்ணாம்பு வாங்கப் பணம் ஒதுக்கப்படாமையால் கோடுகளை அடுப்புச் சாம்பலால் இட்டோம். மழைக்கு அது நிற்பதில்லை. ஒவ்வொரு காலையும் பிள்ளைகளே வீட்டிலிருந்து கொண்டுவந்து புதிதாக இடுகின்றனர்.