எடைக்குப் பிறந்த பட்டை

ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்தைக் கடக்கக் கிளம்பும் ஒரு டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் பின்பக்கம் குனிந்து பார்த்தால், அச்சின் இரு பக்கமும் அடுக்கி வைத்த எஃகுப் பட்டைகள் தெரியும். மேலே இருப்பது நீளம். கீழே போகப் போகக் குட்டை. எல்லாவற்றையும் நடுவில் ஒரு சென்டர் போல்ட் துளைத்துப் பிடித்திருக்கும். அச்சோடு சேர்த்து யூ போல்ட்டுகள் இறுக்கிக் கட்டியிருக்கும். ‘லிஃப்ட் கிட்’ என்று விற்கும் பெட்டிகளில் வரும் பொருள்களிலேயே மிகப் பழையது இந்த லீஃப் ஸ்பிரிங்தான். வண்டி இரண்டு அங்குலம் உயர வேண்டும் என்பதற்காக இதை வாங்குகிறார்கள். இது பிறந்ததோ எடையைச் சுமக்க. உலைக்களத்திலிருந்து பாலைவனம் வரை இதன் வழியைத் தொடர்ந்து போனால், சஸ்பென்ஷன் தேர்ந்தெடுப்பதில் தெரிந்துகொள்ள வேண்டியவை பெரும்பாலும் அந்த வழியிலேயே கிடைத்துவிடும்.

வம்சம் பழையது. 1804இல் லண்டனில் ஒபதையா எலியட், குதிரை வண்டிக்கு எஃகுப் பட்டைகளை அடுக்கி வில்லாக வளைத்துப் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அங்கிருந்து அது ரயில் பெட்டிக்கும் லாரிக்கும் போயிற்று. கார்கள் கைவிட்ட பிறகும் சரக்கு வண்டிகள் இதைக் கைவிடவில்லை. அச்சைத் தாங்குவது, அது முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பது, பக்கவாட்டில் விலகாமல் காப்பது ஆகிய மூன்று வேலைகளையும் இது ஒன்றே செய்துவிடுகிறது.

ஆஸ்திரேலியாவில் இதற்கு ஒரு தனி வாழ்வு கிடைத்தது. விக்டோரியா மாநிலத்து விவசாயி ஒருவரின் மனைவி, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகவும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றவும் ஒரே வண்டி வேண்டும் என்று ஃபோர்டு நிறுவனத்துக்கு எழுதினார் என்று சொல்வார்கள். ஜீலாங் ஆலையில் லூ பேண்ட் வடிவமைத்து 1934இல் வெளிவந்த ‘யூட்’ அந்தத் தேவைக்குப் பிறந்தது. வெறும் வண்டியாகவும் ஓட வேண்டும், சுமை வண்டியாகவும் ஓட வேண்டும் என்ற இரட்டைக் கடமை அன்றைக்கே பின்பக்கப் பட்டைகளின் தலையில் விழுந்தது. 1968இல் வந்த ஹைலக்ஸும், 1979இல் நான்கு சக்கர இயக்கம் பெற்ற அதன் பிந்தைய வடிவமும் அதே கடமையைத் தொடர்ந்தன. அந்த நாட்டில் 2016 முதல் 2022 வரை ஆண்டுதோறும் மிக அதிகமாக விற்ற வண்டி ஹைலக்ஸ்தான்.

நிறுவனம் போட்டு அனுப்பும் பட்டைக்கட்டு எல்லாருக்கும் பொதுவாகச் செய்தது. வெறும் வண்டியாக ஊருக்குள் ஓட்டுபவரும் திட்டக் கூடாது. ஒரு டன்னை ஒட்டிச் சுமை ஏற்றுபவரும் திட்டக் கூடாது. இந்த நடுவழி போதாதவர்களுக்காகவே சஸ்பென்ஷனுக்கென்று தனித்தொழில் வளர்ந்தது. குயின்ஸ்லாந்தின் ராக்ஹாம்ப்டனில் 1953இல் கொல்லுப்பட்டறையாகத் தொடங்கிய டாபின்சன்ஸ் இன்று ஸ்பிரிங் உலகில் பெரிய பெயர். 1975இல் மெல்பர்னில் டோனி பிரவுன் தொடங்கிய ஏ.ஆர்.பி. நிறுவனம், ‘ஓல்டு மேன் ஈமு’ சஸ்பென்ஷனைப் பின்னாளில் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

பட்டையின் பிறப்பு நெருப்பில் நடக்கிறது. குரோமியம் கலந்த ஸ்பிரிங் எஃகை அளவுக்கு வெட்டி, மேலே இருக்கும் நீளமான மெயின் பட்டையின் இரு முனைகளையும் சூட்டிலேயே சுருட்டிக் கண் வைக்கிறார்கள். பிறகு 850 டிகிரி செல்சியஸுக்கும் மேலே காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் முக்குகிறார்கள். முக்கி எடுத்த எஃகு கண்ணாடிபோல் கடினமாகவும் உடையக்கூடியதாகவும் இருக்கும். மறுபடி 450, 500 டிகிரி அளவில் பதப்படுத்தினால்தான் வளைந்து நிமிரும் குணம் வரும். கடைசியில் பட்டை மேல் சிறு எஃகுக் குண்டுகளை வேகமாக அடிக்கிறார்கள். தடவிப் பார்த்தால் ஆயிரக்கணக்கான நுண்ணிய குழிகள் கைக்குத் தட்டுப்படும். இந்த அடியில் மேற்பரப்பு இறுகி அமுங்கி நிற்பதால், விரிசல் விழுவது வெகுவாகத் தள்ளிப்போகிறது. நல்ல பட்டைக்கும் மலிவான பட்டைக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இங்கேதான். பெயின்ட் அடித்த பிறகு அது கடையில் கண்ணுக்குத் தெரியாது.

கட்டாகச் சேர்க்கும்போது பட்டைகளின் முனைகளுக்கு நடுவே நைலான் துண்டுகளை வைப்பார்கள். எஃகும் எஃகும் உரசிக் கிறீச்சிடாது. நல்ல கட்டுகளில் இரண்டாவது பட்டையும் மெயின் பட்டையின் கண்ணைச் சுற்றி வளைந்திருக்கும். மனித நடமாட்டமே இல்லாத இடத்தில் மெயின் பட்டை ஒடிந்தாலும், அச்சு கழன்று ஓடாமல் இரண்டாவது பட்டை பிடித்துக்கொள்ளும்.

இனி கடை அலமாரி. ஒரே ஹைலக்ஸுக்கு, ஒரே இரண்டு அங்குல உயரத்துக்கு, மூன்று நான்கு வகைக் கட்டுகள் அடுக்கியிருக்கும். ஒன்று பெரும்பாலும் வெறும் வண்டியாக ஓடுவதற்கு. ஒன்று 200, 300 கிலோவை எப்போதும் சுமப்பதற்கு. இன்னொன்று 500 கிலோவைக் கழற்றாமலே சுமப்பதற்கு. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். வேறுபாடு பட்டைகளின் எண்ணிக்கையிலும் தடிமனிலும் இருக்கிறது. ஒரு பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும். 6 மி.மீ. பட்டையை 8 மி.மீ. ஆக்கினால், தடிமன் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. விறைப்போ ஏறத்தாழ 2.4 மடங்கு ஆகிறது. கைக்குச் சிறிதாகத் தெரியும் 2 மி.மீ. முதுகெலும்புக்குப் பெரிதாகத் தெரியும்.

பட்டைக்கட்டின் தலைவிதியை எழுதும் இடம் இந்த அலமாரி. “பாரம் ஏற்றினாலும் உட்காரக் கூடாது” என்ற ஆசையில் பலரும் இருப்பதிலேயே விறைப்பானதைக் கேட்கிறார்கள். வெறும் வண்டியில் 500 கிலோ கட்டைப் போட்டால் அது வளையவே மறுக்கும். உடைந்த சாலையில் பின்சக்கரம் தரையைத் தொடுவதைவிடத் துள்ளுவது அதிகமாகிவிடும். தரையைத் தொடாத சக்கரத்துக்குப் பிடிப்பும் இல்லை, பிரேக்கும் இல்லை. மறுபக்கம், எடையை மறைத்து மென்மையான கட்டு வாங்கினால் ஓரிரு ஆண்டில் பட்டைகள் படுத்துவிடும். வாங்கிய உயரமும் அதோடு போய்விடும்.

ஆகவே கடைக்குப் போகும் முன் எடை மேடைக்குப் போக வேண்டும். பயணத்துக்கு ஏற்றும் எல்லாவற்றையும் ஏற்றி, ஆட்களையும் உட்காரவைத்து, முன் அச்சைத் தனியாக, பின் அச்சைத் தனியாக நிறுக்க வேண்டும். 80 லிட்டர் தண்ணீர் 80 கிலோ. ஹைலக்ஸின் 80 லிட்டர் டீசல் தொட்டி நிரம்பினால் சுமார் 67 கிலோ. இரும்புப் புல்பாரும் வின்ச்சும் சேர்ந்து முன்மூக்கில் 100 கிலோ வரை வைத்துவிடும். பின்னால் இழுவை வண்டி கட்டுபவர்கள் நெம்புகோல் கணக்கையும் பார்க்க வேண்டும். இரட்டைக் கேபின் ஹைலக்ஸின் இரு அச்சுகளுக்கு இடையே 3,085 மி.மீ. இழுவைக் கொக்கி பின் அச்சுக்கு 1.25 மீட்டர் பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கொக்கியில் 200 கிலோ இறங்கினால் பின் அச்சு ஏற்பது சுமார் 281 கிலோ. மிகுதி 81 கிலோ முன் அச்சிலிருந்து தூக்கப்பட்டுவிடுகிறது. ஸ்டியரிங் லேசாகிப்போவதற்குக் காரணம் இதுதான்.

பட்டைக்கட்டு தனியாகப் பயணம் போவதில்லை. முன்பக்கத்தில் காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அதற்குத் துணை. ஸ்பிரிங்கை மாற்றாமல் ஷாக்கின் தலைக்கு மேலே ஸ்பேசர் வில்லையை மட்டும் வைத்து உயர்த்துவது மலிவான வழி. அதில் உயரம் வரும். ஸ்பிரிங்கின் சுமக்கும் திறனில் ஒரு கிலோகூட ஏறாது. முன்பக்கம் உயர உயர, சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சி.வி. தண்டின் கோணம் அதிகமாகிறது. அதன் ரப்பர் உறை சீக்கிரம் கிழிகிறது. ஸ்டியரிங்கைத் தானாக நேருக்குத் திருப்பும் காஸ்டர் கோணம் குறைகிறது. இரண்டு அங்குலம் வரை அலைன்மென்ட்டில் பெரும்பாலும் சரிக்கட்டலாம். அதற்கு மேலே போக விரும்பினால் மேல் கன்ட்ரோல் ஆர்ம் முதல் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டி வரும்.

இன்னொரு உண்மையைப் பலர் தாமதமாகவே அறிகிறார்கள். எந்த லிஃப்ட் கிட்டும் பின் டிஃபரன்ஷியலை ஒரு மில்லிமீட்டர்கூட உயர்த்தாது. அது அச்சிலேயே இருக்கிறது. அச்சு சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. அதை உயர்த்துவது பெரிய டயர் மட்டுமே. கிட் உயர்த்துவது சேசிஸையும் பாடியையும். மணல்மேட்டின் முகட்டில் வயிறு தட்டாமலிருக்கவும், ஓடைக்கரையில் மூக்கு இடிக்காமலிருக்கவும் அது உதவும். கூடவே வண்டியின் எடை மையமும் மேலே போகிறது என்பதை வளைவுகளில் மறக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவின் தேசிய விதித்தொகுப்பான வி.எஸ்.பி. 14, டயரையும் சேர்த்து மொத்த உயர்வு 50 மி.மீ.க்குள் இருந்தால் பொறியாளர் சான்று கேட்பதில்லை. அதற்கு மேல் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். விறைப்பான பட்டை போட்டதாலேயே வண்டியின் சட்டப்படியான மொத்த எடை வரம்பு உயர்ந்துவிடாது. அதற்குத் தனியாகச் சான்று பெற வேண்டும்.

பட்டறையில் கட்டு வண்டியில் ஏறும் நாள். பழைய யூ போல்ட்டுகள் ஒருமுறை இறுக்கப்பட்டு நீண்டுபோனவை. அவற்றை மறுபடி போடுவது தவறு. புதியவை வேண்டும். நல்ல மெக்கானிக்கை ஒரு சிறு செயலில் அடையாளம் காணலாம். பட்டையின் கண்ணிலும், அதைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளிலும் உள்ள போல்ட்டுகளை, வண்டி ஜாக்கியில் தொங்கும்போது அவர் முழுதாக இறுக்க மாட்டார். சக்கரம் தரையில் இறங்கி, வண்டி தன் எடையில் அமர்ந்த பிறகே இறுக்குவார். தொங்கும்போதே இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். பிறகு டேப்பை எடுத்துச் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதிக்கொள்வார். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் யூ போல்ட்டுகளைத் திரும்ப இறுக்க வரச்சொல்வார்.

உண்மையான தேர்வு மரீயிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை 517 கிலோமீட்டர் நீளும் பேர்ட்ஸ்வில் தடம் போன்ற சரளைச் சாலைகளில் நடக்கிறது. அங்கே சாலையெங்கும் குறுக்கு அலைகள். இரண்டு அலைமுகடுகளுக்கு இடையே முக்கால் மீட்டர் என்று வைத்தால், 80 கி.மீ. வேகத்தில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் நொடிக்கு ஏறக்குறைய 30 அடி. பட்டை அந்த அடியை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது. அதை அடக்கி வெப்பமாக்கிக் கரைப்பது ஷாக்கின் வேலை. அரைமணி நேரம் இப்படி ஓடிவிட்டு நிறுத்தினால், ஷாக்கை வெறுங்கையால் தொட முடியாது. உள்ளே எண்ணெய் நுரைத்துவிட்டால் அடக்கும் சக்தி போய்விடும். அதைத் தடுக்கத்தான் நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைக்கிறார்கள். பட்டையின் விறைப்புக்குப் பொருந்தாத ஷாக்கைப் போட்டால் இரண்டுமே ஆயுள் குறைந்து சாகும். இரண்டையும் ஒன்றுக்கொன்று இசைவாகத் தயாரித்த தொகுப்பாக வாங்க வேண்டும் என்பதற்குக் காரணம் இந்த அலைகள்தான்.

பேர்ட்ஸ்வில்லுக்கு மேற்கே சுமார் 35 கிலோமீட்டரில் ‘பிக் ரெட்’ என்னும் மணல்மேடு நாற்பது மீட்டர் அளவுக்கு எழுந்து நிற்கிறது. சிம்ப்சனின் ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட மணல்மேடுகளில் புகழ்பெற்றது அது. முகட்டைத் தாண்டும் நொடியில் ஒரு பக்கப் பட்டை முழுதாக நிமிர, மறுபக்கப் பட்டை தொங்கி வளையும். சரியான எடைக்குத் தேர்ந்த கட்டு அப்போது நான்கு சக்கரத்தையும் மணலிலேயே வைத்திருக்கும். அளவுக்கு மீறி விறைத்தது ஒரு சக்கரத்தை அந்தரத்தில் விட்டுவிடும்.

வயதாகும்போது பட்டைகள் மெல்ல உட்காரும். முன்பு எழுதிவைத்த அளவோடு ஒப்பிட்டால் எத்தனை மில்லிமீட்டர் போயிற்று என்று தெரிந்துவிடும். அப்போது சிலர் பட்டைகளோடு காற்றுப்பையைச் சேர்த்துத் தூக்குவார்கள். பட்டைக்கட்டு சுமையை முன் தாங்கி, பின் தாங்கி என இரண்டு இடங்களில் சேசிஸுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. காற்றுப்பை அச்சுக்கு நேர்மேலே ஒரே புள்ளியில் தள்ளுகிறது. பின்னால் அளவுக்கு மீறிய பாரமும் சேர்ந்தால் அந்தப் புள்ளியில் சேசிஸே வளைந்துபோன வண்டிகள் உண்டு. படுத்துவிட்ட கட்டு சொல்லும் செய்தி ஒன்றுதான்: முதலில் எடுத்த எடைக்கணக்கு தவறு, அல்லது அதன் உழைப்பு முடிந்தது. இரண்டுக்கும் மருந்து சரியான புதிய கட்டு. பழையது உருக்காலைக்குப் போய் மறுபடி எஃகாகிறது.

லிஃப்ட் வாங்க நினைப்பவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். எத்தனை அங்குலம் என்ற கேள்வியைக் கடைசியாகக் கேளுங்கள். வண்டியை ஏற்றிய நிலையிலும் இறக்கிய நிலையிலும் எடை மேடையில் நிறுத்தி, அச்சுவாரியாகச் சீட்டு வாங்குங்கள். ஆண்டில் பெரும்பாலான நாட்களில் வண்டி எந்த எடையில் ஓடுகிறதோ, அதற்கான பட்டைக்கட்டையும் அதற்கு இசைந்த ஷாக்கையும் கேளுங்கள். எடையைச் சரியாகச் சொல்லி வாங்கிய கட்டு, தேவையான உயரத்தைத் தானே கொடுக்கும். பல ஆண்டு விடாமல் வைத்துமிருக்கும்.