மறுப்பதற்கு முன் கேட்டவர்கள்: மணிபல்லவம் முதல் கரம்பன் வரை

குறிகட்டுவானில் படகேறி நயினாதீவில் இறங்குகிறவர் நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, சற்று நடந்தால் நாகவிகாரையையும் காணலாம். நாக அரசர் இருவர் ஒரு மணிப்பீடத்துக்காகப் போருக்கு நிற்க, புத்தர் வந்து பகை தீர்த்தார் என்ற பழங்கதையை மகாவம்சம் நாகதீபத்தில் வைக்கிறது; மணிமேகலை மணிபல்லவத்தில் வைக்கிறது. மணிபல்லவம் நயினாதீவே என்போர் பலர். ஏற்காத ஆய்வாளரும் உண்டு. நமக்கு இங்கே வேண்டியது வேறு. அந்தக் கதையில் பகை தீர மூன்றாவதாக ஒருவர் வர வேண்டியிருந்தது. நடுவர் எவரும் இல்லாதபோது, தத்தம் கொள்கையைக் கைவிட விரும்பாத இருவர் ஒருவரையொருவர் எப்படி மதிப்பது? அதற்கான விடை மணிமேகலைக் காப்பியத்தின் பிற்பகுதியில், 27ஆம் காதையில் இருக்கிறது.

‘சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை’ என்பது அதன் பெயர். வஞ்சி மாநகரில் மணிமேகலை அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன் என ஒவ்வொருவரிடமாகச் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். நூல் பௌத்த நூல். ஆயினும் ஒவ்வொருவரையும் தம் கட்சியைத் தாமே சொல்ல விடுகிறார் சாத்தனார். கேட்டவள் எதையும் ஏற்கவில்லை. கண்ணால் கண்டதே மெய் என்ற பூதவாதியைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறாள்; உன் தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி வேறு எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். ஆக, மதிப்பதற்கு உடன்படவும் வேண்டியதில்லை, வாய்மூடி இருக்கவும் வேண்டியதில்லை. எதிராளியின் வாதத்தை அவரே “ஆம், இதுதான் என் கட்சி” என்று ஒப்பும் வடிவில் நிறுத்திவிட்டு, அதன் பிறகு மறுப்பதே மதிப்பு.

இந்தப் பழக்கம் வரலாற்றுக்கு எதைத் தந்தது என்பதற்கு ஆசீவகமே சான்று. தமிழகத்தில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த அச்சமயத்தின் சொந்த நூல் ஒன்றுகூட இன்று நம் கையில் இல்லை. நவகதிர் என்ற பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஏ. எல். பாஷம் 1951இல் ஆசீவகர் வரலாற்றை எழுதியபோது தமிழில் அவருக்குக் கைகொடுத்தவை மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் பரபக்கம் ஆகிய மூன்று. ஒன்று பௌத்தம், ஒன்று சமணம், ஒன்று சைவம்; மூன்றும் ஆசீவகத்தை மறுத்தவை. வெல்வதற்காகத்தானே எழுதினார்கள், இதில் மதிப்பு எங்கே வந்தது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே; மறுப்பவர் எழுதியதில் சாய்வும் இருக்கும். ஆனால் அவர்கள் மனத்தில் அன்பு இருந்ததா என்பதை அறிய நமக்கு வழியில்லை. எதிர்க்கட்சியை எடுத்துரைத்துவிட்டே மறுத்தார்கள் என்பதை ஏடு காட்டுகிறது. வெறுமனே ஏசியிருந்தால் ஆசீவகம் என்ன சொன்னது என்பதே நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

இதைவிடக் கடினமான மறுப்புகள் இரண்டு உண்டு. இளம்பெண் என்றால் எவரும் தத்துவம் பேசமாட்டார்கள் என்பதால் மணிமேகலை மாதவன் (ஆண் துறவி) வடிவெடுத்தே அந்தச் சபைகளுக்குப் போக வேண்டியிருந்தது. கேட்டவளுக்கு அவர்கள் தரவிருந்த மதிப்பு அவ்வளவுதான். இரண்டாவது, கொள்கை இருக்கட்டும், செயலை என்ன செய்வது? போர்த்துக்கேயர் 1621இல் நல்லூர்க் கோயிலை இடித்தார்கள். 1958 கலவரத்தில் நயினாதீவின் நாகவிகாரை தாக்கப்பட்டது. இவற்றை மதிக்க வேண்டுமா? வேண்டியதில்லை. இடித்ததை இடித்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பழியை இடித்தவரின் சமயத்தார் அனைவர் தலையிலும் ஏற்றுகிறவர், தாமும் அடுத்த கோயிலை நோக்கிப் புறப்பட்டுவிட்டார். எதிர்ப்பும் மதிப்பும் ஒன்றாக நிற்க முடியும் என்பதை ஆறுமுக நாவலரிடம் பார்க்கலாம். பேர்சிவல் பாதிரியார் தமிழ் விவிலியப் பணிக்கு, மதம் மாறாத அந்தச் சைவ இளைஞரையே துணையாகக் கொண்டார். நூல் 1850இல் அச்சேறியது. 1854இல் நாவலர் சைவதூஷண பரிகாரம் எழுதி, சைவக் கிரியைகளை இகழ்ந்த மிஷனரிமாருக்கு அவர்களின் வேதத்திலிருந்தே விடை சொன்னார். அவர் நடை காரமானது. ஆனால் எதிராளியின் நூலைக் கரைத்துக் குடித்தவரின் காரம் அது.

ஊர்காவற்றுறைக்கு அருகே கரம்பனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள் இதே வழியில் இன்னும் ஓரடி போனார். கத்தோலிக்கக் குருவான அவர், குருத்துவத்தை மறைக்காமல், சைவ வைணவ சமண பௌத்த நூல்கள் நிறைந்த தமிழிலக்கியத்தை உலக அறிஞர் முன் வைத்தார். 1964இல் டில்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றவரும் அவரே. பிறர் நம்பிக்கையைத் தமதாக்கிக்கொள்ளாமலே அதன் பெருமையைச் சொல்ல அவரால் முடிந்தது. இவை அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நிபந்தனை தெளிவாகிறது. கேட்கும் கடமை முதலில் கை ஓங்கியிருப்பவருக்கே உரியது. அச்சகமும் பள்ளியும் ஆட்சியின் ஆதரவும் மிஷனரிமார் பக்கம் இருந்த காலத்தில் பேர்சிவல் ஒரு சைவரின் தமிழுக்குச் செவிகொடுத்தது அதனால்தான் பெரிது. வலியவர் காது கொடுக்காமல் எளியவரிடம் மட்டும் மரியாதை கேட்டால், அதற்குப் பெயர் மரியாதை அல்ல, பணிவு.

(தொடரும்)